கயிற்றரசனின் அண்ணன்

"கல்லு" என்றான் பல்லக்கின் முன்கொம்பைச் சுமந்த கொற்றன். பின்னால் வருகிறவர்களுக்குப் பாதை தெரியாது, முன்னால் போகிறவன்தான் அவர்களுக்குக் கண். "கல்லு" என்று அவர்கள் வாங்கிச் சொன்னார்கள். பல்லக்கு ஒரு சாண் எழும்பி இறங்கியது. உள்ளே இரட்டைக் கம்பளிக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்த வெண்கோட்டு அரசர் கடம்பவேள், மடியில் கிடந்த கடிதத்தை மறுபடியும் பிரித்தார். பிரிக்கத் தேவையே இல்லை. மூன்றே வரி. நேற்று மதியம் கணவாயிலிருந்து வந்த வீரன் கையில் கொடுத்ததிலிருந்து மனப்பாடம். 'அப்பா கிடைத்துவிட்டார். பனியாற்றின் அடிவாரத்தில். நீங்கள் வரணும்.' எழுதியவள் செள்ளை, அண்ணன் மகள், ஏழாங்கணவாயின் காவல் தலைவி. பத்து வருஷமாக மாதம் ஒரு கடிதம் எழுதுகிறவள். கணவாயில் பனி எவ்வளவு, யாளிகள் எத்தனை குட்டி போட்டன, வீரர்களுக்கு எத்தனை தோல்செருப்பு வேண்டும் என்று பிசிறில்லாத எழுத்துத் தமிழில் எழுதுவாள், 'வரவேண்டும்' என்றால் 'வரவேண்டும்' என்றுதான் எழுதுவாள். இதில் மட்டும் ஏன் 'வரணும்'? கை நடுங்கி எழுதினாளா, அழுதுகொண்டே எழுதினாளா, அல்லது பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறாளா, நேரே நின்று முகத்தைப் பார்த்து, நீங்க வரணும், நீங்க வந்துதான் ஆகணும், வராமல் தப்பிக்க முடியாது என்று? கூப்பிடுகிறாளா, கட்டளையிடுகிறாளா? 'கிடைத்துவிட்டார்' என்பதில் ஒன்றுமில்லை, பனி எப்போதாவது திருப்பிக் கொடுக்கும், போன தலைமுறையில்கூட ஒரு இடையனையும் அவன் ஆட்டையும் கொடுத்தது, அறுபது வருஷம் கழித்து, ஆட்டின் கழுத்து மணி ஆடிக்கொண்டிருந்ததாம். கெட்டுப்போவதில்லை. அதுதான். பனிக்குள் எதுவும் கெட்டுப்போவதில்லை, போட்டது போட்டபடி இருக்கும். அவர் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். உடனே கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போயிற்று, அங்கே மூன்று கோடுகள், வெளுத்துப்போன மூன்று கோடுகள். ராஜாளி பிறாண்டியது என்று அரசியிடம் சொல்லியிருந்தார், முதலிரவிலேயே அவள் கேட்டுவிட்டாள், அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

"ஈரம்" என்றான் கொற்றன். "ஈரம்" என்றார்கள். திரைக்கு வெளியே அமைச்சர் அழிசியின் தடி டொக் டொக்கென்று வந்துகொண்டிருந்தது. எழுபது வயது, பல்லக்கு வேண்டாம் என்று பிடிவாதமாக நடக்கிறார். மூச்சு வாங்குவது கேட்டது. திரையை விலக்கிப் பேசலாம், ஆனால் பேசினால் அவர் முகத்தைப் பார்ப்பார், அழிசி முகம் பார்த்துப் பேசுகிறவர், அண்ணன் காலத்திலும் இருந்தவர், அன்றைக்குத் தேடப் போன கூட்டத்தில் முதலில் நடந்தவர். "அரசே" என்று அவரே ஆரம்பித்தார். "பட்டத்து விஷயம் இன்னிக்குப் பேச்சுல வந்தா, அடுத்த மாசம் அறிவிப்போம்னு சொல்லிடுங்க. உங்க மகன் மருதன் பேரை அங்கே எடுக்க வேண்டாம். அப்பா உடம்பைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு கேக்கறதுக்கு அது நல்லா இருக்காது." "சரி" என்றார் கடம்பவேள். அது எவ்வளவு சின்னக் கவலை! அழிசிக்கு அது பெரிய கவலை, ராத்தூக்கம் போகிற கவலை. எனக்குப் பதில் அண்ணன் இருந்திருந்தால் இந்தப் பொண்ணுதான் இளவரசி, அது ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறந்து சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை, சொல்லாமலே கணவாய்க்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். கொற்றன் பின்னால் இருந்தவர்களிடம் என்னவோ சொன்னான், சிரிப்புச் சத்தம் வந்தது. எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? பல்லக்கைப் பார்த்தா? வெண்கோட்டு அரசர்கள் யாளி மீதேறிப் போகிறவர்கள். யாளி கையில் கறை பட்டவனைச் சுமக்காது, உதறிவிடும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும், இவர் முட்டிவலி என்று சொல்லிவிட்டார், இருபத்திரண்டு வயதில் முட்டிவலி, முப்பத்தோரு வருஷமாக அதே முட்டிவலி. "என்ன கொற்றா?" என்று கேட்டே விட்டார். கேட்ட பிறகு பயமாக இருந்தது. "ஒண்ணுமில்லீங்க அரசே" என்றான் அவன், குரலில் வெட்கம். "எங்கப்பன் கதையைச் சொல்லிக்கிட்டிருந்தேன். அதோ அந்த வளைவுலதான் பனி வாய் பொளந்து உள்ளே போனாரு. நீங்க கட்டி வெச்ச கயித்தைப் பிடிச்சு ஒரு பொழுது தொங்கியிருக்காரு. தூக்கினதும் முதல்ல கேட்டது என்ன தெரியுமா, 'சாராயம் இருக்கா'ன்னு. இன்னிக்கும் உங்க பேரைச் சொல்லித்தான் சோத்துல கை வெக்கிறாரு." கடம்பவேள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "நல்லா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு பொழுது தொங்கியிருக்கிறார். கயிறு விடவில்லை. கயிற்றுக்கு வேர்க்காது, கயிற்றுக்கு யோசனை வராது. கயிற்றரசன் என்று பேர் வைத்திருக்கிறார்கள், நாட்டுப்புறத்தில் பாட்டே இருக்கிறது. பட்டத்துக்கு வந்த முதல் வருஷமே பனியாற்றின் இரண்டு கரையிலும் நூறு அடிக்கு ஒரு கம்பம், கம்பத்துக்கு ஒரு கயிறு என்று ஆணை போட்டது இவர்தான், இனிமேல் யாரும் பனியில் தனியாகப் போகக்கூடாது என்று சட்டம் போட்டதும் இவர்தான், பட்டம் கட்டுவதற்கு முன் இளவரசன் தன்னந்தனியே கணவாய்க்குப் போய் யாளிகளின் முன் நின்று வரவேண்டும் என்ற பழைய முறையை நிறுத்தியதும் இவர்தான். அண்ணனைப் பறிகொடுத்தவர் பாருங்கள், எவ்வளவு பாசம் என்றார்கள். கீழ்நாட்டுக்காரர்கள் இரண்டு தடவை படையெடுத்து வந்தபோது சண்டையே இல்லாமல் திருப்பி அனுப்பினார், பெரிய குளிர் முடிந்து சின்னக் குளிர் வருவதற்குள் வருகிற ஐம்பது நாள் கோடையில் அவர்களுக்கு உப்பு வாங்க வழி திறந்துவிட்டார், அதற்கும் பாட்டு. கொள்ளை நோய் வந்த வருஷம் யாளிகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது கணவாயிலேயே கூடாரம் போட்டு நாற்பது நாள் உட்கார்ந்திருந்தார், கிட்டே மட்டும் போகவில்லை, தள்ளி நின்றே மருந்தும் இறைச்சியும் கொடுக்கச் சொன்னார். அப்போது ஒரு கிழட்டு யாளி தலையைத் தூக்கிப் பார்த்தது. செத்துக்கொண்டிருந்த மிருகம் சும்மாதான் பார்த்திருக்கும். சும்மாதான். எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் அந்தக் கயிறுகளில்? கொற்றனின் அப்பன் ஒருவன். போன வருஷம் மூன்று பெண்கள், விறகுச் சுமையோடு. ஒரு முறை கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார், எத்தனை வந்தால் போதும் என்று தெரியாததால்.

"பள்ளம்." "பள்ளம்." பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்தது, கடம்பவேள் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார், பிடித்த மாத்திரத்தில் விரல்களுக்கு அந்தப் பழைய வலி வந்துவிட்டது. அண்ணனுக்குப் பயம். அதுதான் ஆரம்பம், அதை யாருக்கும் சொன்னதில்லை. வயமான் என்றால் நாடே நடுங்கும் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள், ஆனால் அன்று விடியற்காலையில் வயமான் தம்பியின் படுக்கையில் வந்து உட்கார்ந்து, காலை உலுக்கி எழுப்பி, "கடம்பா, கூட வாடா, யாருக்கும் தெரிய வேண்டாம், பின்வாசல் வழியா வா, எனக்குத் தனியாப் போக முடியலை" என்றான். இருபத்தாறு வயது, மறுநாள் அரசன், வீட்டில் பிள்ளைத்தாச்சி மனைவி, கை சில்லென்று இருந்தது. போனார்கள். வழியெல்லாம் அண்ணன் பேசிக்கொண்டே வந்தான், நிறுத்தாமல், பிறக்கப்போகிற குழந்தைக்கு என்ன பேர் வைப்பது, யாளிக்கு வாய் நாறுமா, அப்பா இப்படி வந்தபோது பயந்திருப்பாரா என்று. இரண்டு நிலவும் பகல் வானத்தில் வெள்ளையாக நின்றன. பிறகு ஒரு சத்தம், பானை விரிசல் விடுகிற மாதிரி, அவ்வளவுதான், முன்னால் நடந்தவன் இல்லை. பனியில் ஒரு வாய், அதன் ஓரத்தில் ஒரு கை. கடம்பன் குப்புற விழுந்து அந்தக் கையைப் பிடித்தான். பிடித்தேன். அது நிச்சயம், பிடித்தேன், இரண்டு கையாலும். மேலே தூக்க முடியவில்லை, தூக்கினால் நானும் வழுக்கினேன், கத்தினால் கேட்க ஆளில்லை, தனியாகத்தானே போகவேண்டும், முறை அல்லவா. எவ்வளவு நேரம்? அப்புறம் ஒரு நினைப்பு வந்தது. சின்ன நினைப்பு. ஈ வந்து உட்கார்கிற மாதிரி வந்து உட்கார்ந்தது. இவன் போனால் நான். இவ்வளவுதான், மூன்று சொல். அப்புறம் கை காலியாக இருந்தது. இங்கேதான் சிக்குகிறது, முப்பத்தோரு வருஷமாக இங்கேதான் வந்து சிக்குகிறது. நினைப்பு முதலில் வந்ததா, விரல் முதலில் நழுவியதா? விரல் நழுவிய பிறகு வந்த நினைப்பு என்றால் அது வெறும் நினைப்பு, யாருக்கும் வரும். நினைப்பு வந்த பிறகு நழுவியது என்றால்? நழுவியதா, விட்டேனா? கை மரத்துப்போயிருந்தது, மரத்த கைக்கு என்ன தெரியும்? ஆனால் மரத்த கையில் நகம் பதிந்தது தெரிந்ததே, அவன் நகம், மூன்று விரலின் நகம், கடைசியில், இழுத்துக்கொண்டே போனது தெரிந்ததே. தானாக நழுவுகிற கையை அப்படியா பிடிப்பார்கள்? அப்படியும்தான் பிடிப்பார்கள். அவர் மனம் அந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும்போலத் திரும்பிப் பனிவாயின் ஓரத்துக்குப் போயிற்று, மறுபடியும் குப்புற விழுந்தது, மறுபடியும் பிடித்தது.

பின்வாசல் வழியாகவே திரும்பி வந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். நனைந்த செருப்பைப் பார்த்தாள். செருப்பை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தாள், கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். மறுநாள் சாயங்காலம் அழிசி கூட்டத்தோடு தேடிப் போய்ச் சும்மா திரும்பியபோது எல்லோரோடும் சேர்ந்து அம்மாவும் அழுதாள், இவரும் அழுதார், அழுகை உண்மையான அழுகைதான். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் உயிரோடிருந்தாள், இவரைப் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. அரசே என்றுதான் கூப்பிட்டாள். மரியாதை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஐந்து மாதம் கழித்துச் செள்ளை பிறந்தாள். ஆறு வயதில் இவர் மடியில் உட்கார்ந்து கேட்டாள், "சித்தப்பா, தனியாப் போறப்போ அப்பாவுக்குப் பயமா இருந்திருக்குமா?" "உங்கப்பனுக்கா? பயம்னா என்னன்னே தெரியாதும்மா அவனுக்கு." குழந்தை எவ்வளவு சந்தோஷப்பட்டது! அதற்குப் பிறகு எத்தனை தரம் அந்தக் கதை, எத்தனை விதமாக. தனியாகப் போனான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான், பாடிக்கொண்டே போனான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேர்த்தார். இருபது வயதில் முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றாள், நானும் கணவாய்க்குப் போகிறேன் என்று. அவள் கண்ணில் அப்போது இருந்தது என்ன? அதை வீரம் என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது அவள் அந்த உடம்பின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நகத்தைப் பார்த்திருப்பாள். காவல் தலைவி, எதையும் கூர்ந்து பார்க்கிற வேலை, மோப்பம் பிடித்து எதிரி எத்தனை பேர் என்று சொல்லிவிடுவாளாம். நகத்தடியில் தோல் இருந்தால்? பனி அதைக் கெடுக்காதே. என் தோல், என் இருபத்திரண்டு வயதுத் தோல். 'நீங்கள் வரணும்.' தெரிந்துதான் எழுதியிருக்கிறாள். தெரிந்திருந்தால் படையோடு வந்திருப்பாள், கடிதம் எழுதமாட்டாள். ஏன் எழுதமாட்டாள், வரவழைத்து, அத்தனை வீரர்களுக்கும் முன்னால் நிறுத்தி, கையைக் காட்டுங்கள் சித்தப்பா என்று... திரும்பிவிடலாம். அரண்மனையில் படுத்துக்கொண்டு, உடம்பு முடியவில்லை, அங்கேயே எரித்துவிடுங்கள், அரச மரியாதையோடு எரித்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பலாம். இன்றைக்கே எரித்துவிட்டால் நாளைக்கு ஒன்றுமில்லை. "நிறுத்துங்க!" என்று கத்திவிட்டார். பல்லக்கு நின்றது, இறங்கியது. திரையை விலக்கினால் அழிசியின் முகம், எவ்வளவு தவிர்த்தும் அந்த முகம். "என்ன அரசே? உடம்புக்கு என்ன?" "ஒண்ணுமில்லை" என்றார். வாயில் புளிப்பு. திருப்புங்கள் என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. கொற்றன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே ஏத்தம் இல்லீங்க அரசே, வந்துட்டோம், அதோ தெரியுது பாருங்க கூடாரம்" என்று சந்தோஷமாகச் சொன்னான், அரசருக்கு அவசரம் என்று நினைத்துக்கொண்டு. தெரிந்தது. பனியாறு முடிகிற இடத்தில், அழுக்குப் பனியும் உருளைக்கற்களும் கிடந்த சரிவில், ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கூடாரம். வாசலில் ஒரு யாளி படுத்திருந்தது. "நான் நடந்தே போறேன்" என்றார் கடம்பவேள். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. பல்லக்கில் போய் இறங்கினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்றா, நடந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்றா? உருளைக்கற்கள் காலடியில் புரண்டன. யாளி தலையைத் தூக்கியது, மூக்கு சுருங்கி விரிந்தது, இவரையே பார்த்தது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு போனார், சுவரோரமாகப் போகிற மாதிரி, இல்லாத சுவர்.

உள்ளே செள்ளை மட்டும் இருந்தாள். வீரர்களை வெளியே அனுப்பியிருந்தாள். தரையில் தோல்விரிப்பின் மேல் அண்ணன் படுத்திருந்தான். கடம்பவேள் முதலில் கையைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கும் முன் கையை. விரல்கள் லேசாக விரிந்து கிடந்தன, சுத்தமாக, முப்பத்தோரு வருஷத்துத் தண்ணீர் கழுவிய வெள்ளைக் கை. நகத்தில் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தப்பித்தேன் என்று உள்ளே ஏதோ ஒன்று துள்ளியது, அந்தத் துள்ளலைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. பிறகுதான் முகத்தைப் பார்த்தார். இருபத்தாறு வயதுப் பிள்ளை. மருதனைவிடச் சின்னவன். மூன்று நாள் தாடி, காது மடல் கொஞ்சம் மடங்கியிருந்தது, இந்த மடிப்பை எப்படி மறந்தேன்?

"என்னைவிடச் சின்னவரா இருக்கார் சித்தப்பா" என்றாள் செள்ளை. அழுது முடித்த குரல். "இவரை அப்பான்னு கூப்பிட வாய் வரலை. தம்பி மாதிரி இருக்கார்." அவள் தந்தையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "நேத்திலேர்ந்து இங்கேயே உக்காந்திருக்கேன். எனக்கு ஒண்ணுதான் தாங்கலை. எவ்வளவு ஆழத்துல கிடந்திருக்கார், எவ்வளவு குளிர்ல... கடைசி மூச்சு போறப்போ பக்கத்துல ஒரு ஆள் இல்லையே. ஒரு குரல்கூட இல்லாம, தன்னந்தனியா. அதை நெனச்சா எனக்கு..." அவள் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "நீங்க வந்தா நல்லா இருக்கும்னு தோணிச்சு. உங்களைத் தவிர இவரைத் தெரிஞ்சவங்க எனக்கு வேற யார் இருக்கா? அதான் எழுதினேன்."

அவ்வளவுதானா? 'வரணும்' என்றால் அவ்வளவுதானா? ஆமாம்மா, பாவம், தனியாகத்தான் போனான் என்று சொன்னால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். எரித்துவிட்டு இறங்கிப் போய்விடலாம், அடுத்த மாதம் மருதனுக்குப் பட்டம், நாலு வருஷமோ ஐந்து வருஷமோ பிறகு நானும் போய்விடுவேன், முடிந்தது. அவள் தந்தையின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துச் சூடு பண்ணுகிற மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தாள். சூடாகாது. அது அவளுக்கும் தெரியும்.

"தனியா இல்லம்மா" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் இருந்தேன். கூட்டிட்டுப் போனான். யாருக்கும் தெரியாம." குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "விழுந்ததும் கையைப் பிடிச்சுக்கிட்டேன்."

அவள் கை தேய்ப்பதை நிறுத்தியது. "எவ்வளவு நேரம்?"

முப்பத்தோரு வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை, இவரும் தன்னைக் கேட்டு முடித்ததில்லை. நினைத்துப் பார்த்தார். பிடித்தபோது பாறை நிழல் காலுக்குக் கீழே இருந்தது, எழுந்தபோது முதுகெல்லாம் வெயில் போய்க் குளிர்ந்திருந்தது. "பொழுது சாயற வரைக்கும்" என்றார். "காலையில பிடிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம்..." நழுவிடுச்சு என்று சொல்ல வாய் குவிந்தது. அது பொய்யுமில்லை, எது பொய் என்று தெரிந்தால்தானே. ஆனால் அவள் காத்துக்கொண்டிருந்தாள், அவன் கையை விடாமல். "அப்புறம் விட்டுட்டேன்" என்றார். "விட்டுட்டேன்மா. அரசனாகணும்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அதுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு தெரியலை. ஆனா விட்டது நான்தான்."

வெளியே யாளி எழுந்து உடம்பை உதறிக்கொள்ளும் சத்தம் கேட்டது. செள்ளையின் முகத்தில் எதுவும் அசையவில்லை. "அவர் ஏதாவது சொன்னாரா?"

"'அம்மாகிட்ட சொல்லிடாதே'ன்னான். சின்ன வயசுல எதையாவது உடைச்சா அப்படித்தான் சொல்லுவான். சிரிச்சான். ஆனா பல்லு கிட்டிப் போயிருந்துச்சு. ரொம்பப் பயந்துட்டான்மா."

"பயந்தாரா?"

"போறப்பவே பயம். தனியாப் போகப் பயந்துதான் என்னை எழுப்பினான்."

அப்போதுதான் அவள் முகம் உடைந்தது. விட்டுட்டேன் என்றபோது உடையாத முகம். "கணவாய்ல முதல் குளிர்காலம்" என்றாள், சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று இடறின, "ஒவ்வொரு நாளும் பயந்து நடுங்குவேன் சித்தப்பா. வாயில துணியை வெச்சுக் கடிச்சுப்பேன், சத்தம் வெளியே வராம. நான் அவர் பொண்ணே இல்லைன்னு நெனச்சுப்பேன். பத்து வருஷமா. பத்து வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். அவர் பயமே இல்லாத ஆளுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

கடம்பவேள் கை நீட்டினார். அவள் நகர்ந்துகொண்டாள். வெறுப்போடு அல்ல, நெருப்புப் பட்டவள் நகர்கிற மாதிரி. தந்தையின் பக்கம் குனிந்து, அந்தச் சின்னப் பையனின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்ததும் காவல் தலைவியின் முகம்.

"அழிசித் தாத்தாவும் வீரர்களும் வெளியே நிக்கிறாங்க" என்றாள். "இதை அவங்களும் கேக்கணும். நான் கூப்பிடட்டுமா, நீங்களே கூப்பிடறீங்களா?"

"நானே கூப்பிடறேன்" என்றார். எழுந்திருக்க முயன்றார், முட்டி ஒத்துழைக்கவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே வலித்தது. தரையில் உட்கார்ந்தபடியே வாசல் பக்கம் திரும்பி, "அழிசி" என்றார். குரல் கூடாரத்தைத் தாண்டவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டார்.